கொல்லன் மகனும் நெருப்பில்லாச் சூடும்



மலர்க் குழுவிலிருந்து போன் வந்தது. போன சந்திப்பில் தப்பித்துவிட்டாய், இந்த முறை ஒரு கட்டுரை கொடுத்தே ஆகவேண்டும் என்று அன்புக் கட்டளை. ஹாஸ்டல் மெஸ் சாம்பாரைப் பற்றி எழுத என்னைவிடத் தகுதியான ஆட்கள் இருக்கிறார்கள். கணக்குப் பேப்பரில் நான் வைத்த அரியர்களைப் பற்றி எழுதினால் பேரப்பிள்ளைகள் படித்துவிடுவார்கள். எனவே எனக்கு முப்பத்தெட்டு வருஷம் சோறு போட்ட பிளாஸ்டிக் மோல்டிங் தொழிலையும், அதற்கு இரண்டு பக்கமும் அஸ்திவாரம் போட்டுவிட்டு, அது தெரியாமலே போய்ச்சேர்ந்த ஒரு மனிதரையும் பற்றி எழுதுகிறேன். அவர் பெயர் மைக்கேல் ஃபாரடே. ஃபிசிக்ஸ் லேபில் எல்லோரும் கேள்விப்பட்ட பெயர்தான். கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். நடுவில் என் தப்பு ஒன்றையும் ஒப்புக்கொள்ளப் போகிறேன்.

அம்பத்தூரில் ஒரு கோடு

1983-ல் நாம் வெளியே வந்தோம். கலர் டி.வி. நம் நாட்டுக்கு வந்த புதுசு. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் எனக்கு ஷிப்டு சூப்பர்வைசர் வேலை. கம்பெனிப் பெயர் வேண்டாம். டி.வி.யின் முன்பக்கச் சட்டம்தான் எங்கள் முக்கியமான அயிட்டம். பாலிஸ்டைரீன் குருணையை 220 டிகிரிக்கு உருக்கி, மூடிய இரும்பு மோல்டுக்குள் பிரஷரில் அடித்து, ஆறவைத்து, திறந்து எடுக்க வேண்டும். நிமிஷத்துக்கு ஒன்று வீதம் வரவேண்டும்.

அதில் ஒரு தலைவலி. ஸ்பீக்கர் பக்கத்தில் வரிசையாகக் கிரில் ஓட்டைகள். உருகிய பிளாஸ்டிக் ஒவ்வொரு ஓட்டையையும் இரண்டாகப் பிரிந்து சுற்றிக்கொண்டு போய் மறுபக்கம் சேரும். சேருகிற இடத்தில் தலைமுடி மாதிரி ஒரு கோடு விழும். வெல்டு லைன் என்போம். பார்க்க அசிங்கம், தட்டினால் அந்த இடத்தில்தான் உடையும். காரணம் சிம்பிள். மோல்டுக்குள் தண்ணீர் ஓடுவதால் அதன் முகம் நாற்பது டிகிரியில் இருக்கும். 220 டிகிரியில் வரும் பிளாஸ்டிக் அந்தக் குளிர்ந்த இரும்பைத் தொட்டவுடனே தோல் கட்டிவிடும். தோல் கட்டின இரண்டு முனைகள் சந்தித்தால் ஒட்டும், ஆனால் ஒன்றாகக் கலக்காது. ஆறின தோசை மாவின் மேல் மறுபடி மாவு ஊற்றின கதை.

கோட்டை மறைக்கப் பெயின்ட் அடித்தோம். பெயின்ட் செலவு சட்டத்தின் லாபத்தைத் தின்றது. ஒரு நாள் கேஸ் டார்ச்சால் மோல்டு முகத்தைச் சுட்டுப் பார்த்தோம். பாலிஷ் போய் முகம் கறுத்ததுதான் மிச்சம். முதலாளியிடம் நான் வாங்கிய திட்டை இங்கே அச்சிட முடியாது.

ஒரு நைட் ஷிப்டில் தண்ணீர் பம்பு நின்றுவிட்டது. யாரும் கவனிக்கவில்லை. அரை மணி கழித்துப் பீஸெல்லாம் வளைந்து வந்தபிறகுதான் தெரிந்தது. பம்பை ஓடவிட்டோம். மெஷின் பக்கத்தில் ரன்னர் வெட்டிக்கொண்டிருந்த ஹெல்ப்பர் பையன், பதினெட்டு வயசு இருக்கும், வளைந்த பீஸ் இரண்டைக் கையில் எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தான். இதில் கோடு இல்லை, கண்ணாடி மாதிரி இருக்கிறது சார், பிளாஸ்டிக் உள்ளே வரும்போது மட்டும் டை சூடாயிருந்து, அப்புறம் குளிர்ந்தால் நல்லாயிருக்குமே என்றான்.

நான் சிரித்தேன். இரண்டு டன் இரும்பை நிமிஷத்துக்கு ஒருமுறை சுடவைத்து ஆறவைக்க உன் பாட்டன் வருவாரா என்று நாலு பேர் எதிரில் கேட்டேன். எல்லோரும் சிரித்தார்கள். அவன் பீஸை ஸ்கிராப் கூடையில் போட்டுவிட்டுப் போய்விட்டான்.

அவனை இங்கேயே நிறுத்திவைக்கிறேன். அவன் கேட்ட கேள்விக்குப் பதில் 1831-லேயே லண்டனில் ஒரு நோட்டுப் புத்தகத்தில் ஏறியிருந்தது. அதை எழுதியவரும் ஒரு காலத்தில் ஹெல்ப்பர் பையன்தான். இனி அவர் கதை.

பைண்டிங் கடைப் பையன்

ஃபாரடே பிறந்தது 1791 செப்டம்பர் 22. இடம் நியூவிங்டன், இன்றைய தெற்கு லண்டன். அப்பா கொல்லர். உலைக்கு முன்னால் நின்று உழைக்க முடியாதபடி உடம்புக்கு அடிக்கடி முடியாமல் போகும். பஞ்ச காலத்தில் பையனுக்கு ஒரு வாரத்துக்கு ஒரு ரொட்டி என்று அளந்து கொடுத்த வீடு அது. படிப்பு என்றால் எழுத, படிக்க, கொஞ்சம் கூட்டிக் கழிக்க. அவ்வளவுதான்.

பதின்மூன்று வயதில் ரீபோ என்ற புத்தகக் கடைக்காரரிடம் எடுபிடி வேலை. பேப்பர் போடுவது, வாங்கி வருவது. அடுத்த வருஷம் 1805-ல் அதே கடையில் புத்தகம் பைண்டு செய்யும் தொழில் பழக ஏழு வருஷ ஒப்பந்தம். வழக்கமாக இதற்குக் கட்டணம் உண்டு. பையன் நல்லவன் என்று ரீபோ அதை வாங்கவில்லை.

மற்ற பையன்கள் புத்தகத்தைத் தைத்தார்கள், இவன் தைப்பதோடு படிக்கவும் செய்தான். பைண்டிங்குக்கு வந்த பிரிட்டானிக்கா கலைக்களஞ்சியத்தில் மின்சாரம் பற்றிய பகுதியைப் படித்துவிட்டு, கிடைத்த சில்லறையில் பாட்டில் வாங்கிச் சின்ன மின்சாரக் கருவி செய்தான். ஜேன் மார்செட் என்ற அம்மாள் எழுதிய வேதியியல் உரையாடல் புத்தகத்தைப் படித்து, அதில் உள்ளதையெல்லாம் செய்து சரிபார்த்தான். சொன்னதை நம்பாமல் செய்து பார்ப்பது என்ற பழக்கம் அங்கே பிடித்தது, கடைசிவரை விடவில்லை.

நகரத்தில் சாயங்கால விஞ்ஞானச் சொற்பொழிவுகள் நடந்தன. தலைக்கு ஒரு ஷில்லிங். அண்ணன் ராபர்ட்டும் கொல்லர்தான். தன் கூலியிலிருந்து தம்பிக்கு அந்த ஷில்லிங்கைக் கொடுத்தார். பிற்காலத்தில் உலகம் அனுபவித்த மின்சாரத்தில் அந்தக் கொல்லர் போட்ட முதலீடும் உண்டு என்பது என் கட்சி.

1812-ல் கடைக்கு வந்த வாடிக்கையாளர் ஒருவர், டான்ஸ் என்பது பெயர், ராயல் இன்ஸ்டிடியூஷனில் ஹம்ஃப்ரி டேவி நடத்திய சொற்பொழிவுகளுக்கு டிக்கெட் கொடுத்தார். அந்நாளில் டேவி ஒரு பெரிய நட்சத்திரம். பையன் நாலு சொற்பொழிவும் கேட்டான். குறிப்பெடுத்தான். படம் வரைந்தான். எல்லாவற்றையும் சுத்தமாக எழுதி, தன் தொழிலைக் காட்டி அழகாகப் பைண்டு செய்து, எனக்கு ஏதாவது வேலை தாருங்கள் என்ற விண்ணப்பத்தோடு டேவிக்கே அனுப்பினான்.

டேவி கூப்பிட்டுப் பேசினார். பைண்டிங் தொழிலையே பார், விஞ்ஞானத்தில் சம்பாதிக்க முடியாது என்று புத்தி சொல்லி அனுப்பினார். ஆனால் பையனை மறக்கவில்லை. கொஞ்ச நாளில் பரிசோதனைச் சாலை உதவியாள் ஒருவர் சண்டை போட்டு வேலை இழந்தார். டேவி ஆள் அனுப்பினார். 1813 மார்ச் 1 அன்று ஃபாரடே வேலையில் சேர்ந்தார். வயது 21. வாரம் 25 ஷில்லிங், மாடியில் இரண்டு அறை. பதவியோ கண்ணாடிக் குப்பி கழுவும் உதவியாள்.

அதே வருஷம் டேவி ஐரோப்பா முழுக்க ஒன்றரை வருஷம் சுற்றுப்பயணம் போனார். பிரான்சோடு யுத்தம் நடக்கும் சமயம், நெப்போலியனின் தனி அனுமதியோடு போனார்கள். வரவேண்டிய வேலைக்காரர் கடைசி நேரத்தில் வரமாட்டேன் என்றதால், ஃபாரடே உதவியாளராகவும் வேலைக்காரராகவும் சேர்த்துப் போக வேண்டியதாயிற்று. டேவியின் மனைவி அவரை வேலைக்காரராகவே நடத்தினார். சாப்பாட்டை வேலைக்காரர்களோடு சாப்பிடச் செய்தார். பாதியில் ஊர் திரும்பிவிடலாமா என்று நினைக்கும் அளவுக்கு மனம் நொந்தார். திரும்பவில்லை. பாரிஸில் புதிதாகக் கிடைத்த அயோடினை டேவி ஆராய்ந்தபோது கூட இருந்தார். மிலானில் வோல்ட்டாவைப் பார்த்தார். ஃபிளாரன்ஸில் பெரிய லென்ஸால் சூரிய ஒளியைக் குவித்து வைரத்தையே எரித்து, அது வெறும் கார்பன்தான் என்று டேவி காட்டியபோது பக்கத்தில் நின்று வேலை செய்தார். அவருடைய காலேஜ் அந்தப் பயணம்தான்.

குப்பியில் தங்கிய எண்ணெய்

ஊர் திரும்பியபின் பத்து வருஷம் பெரும்பாலும் வேதியியல் வேலை. 1821-ல் சாரா பர்னார்டைக் கல்யாணம் செய்துகொண்டார். குழந்தை இல்லை, ஆனால் கடைசிவரை ஒற்றுமையான தம்பதி. சாண்டிமேனியன் என்ற சின்னக் கிறிஸ்தவ சபையைச் சேர்ந்தவர்கள். பணம் சேர்ப்பது பெருமையில்லை என்பது அவர்கள் நடைமுறை.

நம் தொழிலுக்கு நேரே சம்பந்தப்பட்ட விஷயம் 1825-ல் வருகிறது. அந்நாளில் எண்ணெயைச் சூடாக்கிக் காஸ் எடுத்து, அமுக்கிக் குப்பியில் அடைத்து விளக்குக்கு விற்றார்கள். குப்பியின் அடியில் எண்ணெய் மாதிரி ஒரு கசடு தங்கும். கம்பெனிக்காரர்கள் அது என்னவென்று பார்க்கச் சொல்லி ஃபாரடேயிடம் கொடுத்தார்கள். அவர் அதைப் பொறுமையாகப் பிரித்துப் பிரித்துக் கடைசியில் ஒரு தெளிவான திரவத்தைத் தனியே எடுத்தார். அதுதான் பென்சீன்.

பென்சீனையும் எத்திலீனையும் சேர்த்து, அதிலிருந்து ஸ்டைரீன் செய்கிறோம். ஸ்டைரீனிலிருந்து பாலிஸ்டைரீன், ஏ.பி.எஸ். அம்பத்தூரில் நான் மூட்டை மூட்டையாக ஹாப்பரில் கொட்டிய குருணை எல்லாம் அந்தக் கசட்டின் வம்சம்தான். அடுத்த வருஷம் 1826-ல் ரப்பரைப் பகுத்து, ஐந்து கார்பனுக்கு எட்டு ஹைட்ரஜன் என்ற கணக்கையும் சொன்னார். ஹைட்ரஜன் அடைத்துப் பார்க்க ரப்பர் ஷீட்டை ஒட்டி பலூன் செய்ததும் இவர்தான். பாலிமர் என்ற துறையே பிறக்காத காலம் அது.

புகழ் வர ஆரம்பித்ததும் தகராறும் வந்தது. 1821-ல் காந்தத்தைச் சுற்றி மின்கம்பியைச் சுழலவைத்துக் காட்டினார். மோட்டாருக்கு முதல் விதை அது. அவசரமாக வெளியிட்டதில், அதே யோசனையில் இருந்த வோலஸ்டன் என்ற பெரியவரின் பெயரைக் குறிப்பிட விட்டுவிட்டார். திருட்டு என்ற பேச்சுக் கிளம்பியது. ராயல் சொசைட்டியில் உறுப்பினராக ஃபாரடே பெயர் வந்தபோது, தலைவராக இருந்த டேவியே எதிர்த்தார். கைதூக்கிவிட்டவரே கையைப் பிடித்து இழுத்தார். 1824-ல் ஃபாரடே தேர்வானார். ஒரே ஒரு எதிர் ஓட்டு. ரகசிய ஓட்டு என்பதால் போட்டது யார் என்று தெரியாது. ஃபாரடே மட்டும் டேவியைப் பற்றி மரியாதை குறையாமலேயே கடைசிவரை பேசினார்.

1831: ஆறு அங்குல வளையம்

1829-ல் டேவி இறந்தார். சொசைட்டிக்காகப் பல வருஷம் இழுத்தடித்த கண்ணாடி செய்யும் வேலையும் முடிவுக்கு வந்தது. ஃபாரடே மனதில் பத்து வருஷமாக இருந்த கேள்வியைக் கையில் எடுத்தார். மின்சாரம் காந்தத்தை உண்டாக்குகிறது என்று 1820-ல் எர்ஸ்டெட் காட்டியிருந்தார். அப்படியானால் காந்தத்திலிருந்து மின்சாரம் வருமா?

1831 ஆகஸ்ட் 29. மெதுவிரும்பில் ஒரு வளையம், வெளி விட்டம் ஆறு அங்குலம். ஒரு பக்கம் கம்பிச் சுருள், பேட்டரியோடு. எதிர்ப்பக்கம் இன்னொரு சுருள், அதன் கம்பி ஒரு காந்த ஊசியின் மேலாகப் போகிறது. இரண்டு சுருளுக்கும் நடுவில் கம்பித் தொடர்பே கிடையாது. பேட்டரியை இணைத்தார். ஊசி துள்ளியது, உடனே அடங்கிவிட்டது. மின்சாரம் ஓடிக்கொண்டே இருக்கும்போது ஊசி அசையவில்லை. இணைப்பை எடுத்தார். மறுபடி துள்ளியது.

அந்தத் துள்ளலில்தான் எல்லாம் இருக்கிறது. காந்தம் சும்மா இருந்தால் பயனில்லை. அது மாறும்போது மட்டும், தொடாமலேயே பக்கத்து உலோகத்தில் மின்சாரம் கிளம்புகிறது. மற்றவர்கள் காந்தத்தைப் பக்கத்தில் வைத்துவிட்டு ஏதாவது ஓடுகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். இவர் ஒரு கணத் துள்ளலை அலட்சியம் செய்யாமல் நோட்டில் எழுதினார். அக்டோபர் 17 அன்று சுருளுக்குள் காந்தத்தை நுழைத்து எடுத்தே மின்சாரம் வரவைத்தார். அக்டோபர் 28 அன்று பெரிய காந்தத்தின் முனைகளுக்கு நடுவே செப்புத் தட்டைச் சுழற்றித் தொடர்ச்சியாக மின்சாரம் எடுத்தார். நவம்பர் 24 அன்று சொசைட்டியில் படித்தார். மூன்று மாதத்தில் டிரான்ஸ்ஃபார்மர், ஜெனரேட்டர் இரண்டுக்கும் அடிப்படை முடிந்துவிட்டது. காப்புரிமை எதுவும் எடுக்கவில்லை.

இதோடு இன்னொரு புதிரும் அவிழ்ந்தது. செப்புத் தட்டைச் சுழற்றினால் மேலே தொங்கும் காந்த ஊசியும் கூடவே சுழல்கிறது என்று 1824-ல் அராகோ கண்டிருந்தார். செம்பு காந்தமே இல்லையே, எப்படி? தட்டுக்குள்ளேயே மின்சாரம் சுழித்துக்கொண்டு ஓடுகிறது, அதுதான் ஊசியை இழுக்கிறது என்று ஃபாரடே விளக்கினார். 1855-ல் ஃபூக்கோ ஒரு தட்டை வலுவான காந்தத்துக்கு நடுவில் சுழற்றி, அந்தச் சுழல் மின்சாரத்தால் தட்டே சூடாவதைக் காட்டினார்.

டிரான்ஸ்ஃபார்மர் செய்பவர்களுக்கு அந்தச் சூடு தொல்லை. அதனால்தான் இரும்பைத் தகடு தகடாக அடுக்குகிறார்கள். ஒருவருக்குத் தொல்லை இன்னொருவருக்கு அடுப்பு. 1900-ல் ஸ்வீடனில் கியெலின் இந்தச் சூட்டாலேயே எஃகு உருக்கினார். அமெரிக்காவில் நார்த்ரப் அதிவேகமாக மாறும் மின்சாரத்தால் உலை செய்தார். இன்று நம் வீட்டு இண்டக்‌ஷன் அடுப்பும் அதே ஜாதிதான். அடுப்பு தானாகச் சுடுவதில்லை, மேலே வைத்த பாத்திரத்தின் அடி சுடுகிறது. சாதாரண அலுமினியப் பாத்திரத்தை வைத்துவிட்டுப் பால் ஏன் பொங்கவில்லை என்று காத்திருந்த அனுபவம் என் வீட்டில் உண்டு.

பையன் கேட்டதற்குப் பதில்

இப்போது அம்பத்தூர் பையனிடம் திரும்புவோம். பிளாஸ்டிக் உள்ளே வரும்போது மோல்டு முகம் சூடாக இருக்கணும், நிரம்பினதும் குளிரணும். அவன் சொன்னது முழுக்கச் சரி. முகம் நூறு டிகிரிக்கு மேலே இருந்தால் பாலிஸ்டைரீன் உடனே தோல் கட்டாது. இரண்டு முனைகளும் சூடாகச் சந்தித்துக் கலந்துவிடும். கோடு மறையும், மோல்டின் பாலிஷ் அப்படியே பீஸில் இறங்கும். ஆனால் அப்படியே சூடாக வைத்திருந்தால் பீஸ் ஆறுவதற்குள் விடிந்துவிடும். அவசரப்பட்டு எடுத்தால் வளையும்.

நான் எங்கே தப்பு செய்தேன் என்றால், இரண்டு டன்னையும் சுடவைக்க வேண்டும் என்று நினைத்ததில்தான். பிளாஸ்டிக் தொடுவது மோல்டின் முகத்தை மட்டும். முகத்தை மட்டும் சுட்டால் போதுமே!

இதற்குப் பல வழிகள் வந்தன. கூலிங் ஓட்டையிலேயே முதலில் நீராவி, பிறகு குளிர்ந்த தண்ணீர் விடுவது ஒன்று. 2000-களில் தட்டை டி.வி.க்கள் வந்தபோது பளபளவென்று கறுப்புச் சட்டங்களைப் பெயின்ட் இல்லாமல் எடுத்தது பல இடங்களில் இந்த முறையில்தான். பாய்லர் வேண்டும், வால்வுகள் வேண்டும், சூடு ஓட்டையிலிருந்து முகத்துக்கு வரும்வரை காத்திருக்க வேண்டும். முகத்துக்குப் பின்னால் மின்சார ஹீட்டர் கம்பிகளைச் செருகுவது இன்னொன்று. செலவு குறைவு, ஆனால் அதுவும் உள்ளிருந்து வெளியே வரவேண்டிய சூடு. இன்ஃப்ராரெட் விளக்கைக் காட்டலாம். பாலிஷ் செய்த இரும்பு கண்ணாடி மாதிரி, பாதியைத் திருப்பி அனுப்பிவிடும்.

எல்லாவற்றிலும் வேகம் ஃபாரடே வழிதான். மோல்டு திறந்திருக்கும்போது ஒரு செப்புச் சுருள் இரண்டு பாதிக்கும் நடுவில் வந்து நிற்கும். அதில் விநாடிக்கு ஆயிரக்கணக்கான தடவை திசை மாறும் மின்சாரம் ஓடும். காந்தம் மாறிக்கொண்டே இருக்க, எதிரே உள்ள எஃகில் சுழல் மின்சாரம் கிளம்பும். மாறும் வேகம் கூடக்கூட அது ஆழத்துக்குப் போகாது, மேல்தோலிலேயே ஓடும். எஃகில் மில்லிமீட்டருக்கும் குறைந்த ஆழம்தான். ஒரு சில விநாடியில் முகம் நூறைத் தாண்டிவிடும். உள்ளே உள்ள இரண்டு டன்னும் பச்சைத் தண்ணீர் மாதிரி குளிர்ந்தே இருக்கும். சுருள் விலகும், மோல்டு மூடும், பிளாஸ்டிக் நிரம்பும். மெல்லிய தோலில் இருந்த சூட்டைப் பின்னால் உள்ள குளிர்ந்த இரும்பே உறிஞ்சிக்கொள்ளும்.

கஷ்டமும் உண்டு. சுருளை மோல்டு முகத்தின் வடிவத்துக்கு ஏற்ப வளைக்க வேண்டும். இல்லையென்றால் ஒரு மூலை கொதிக்கும், ஒரு மூலை சில்லென்றிருக்கும். சுருள் வந்துபோக ரோபோ கை வேண்டும், இல்லையென்றால் மோல்டுக்குள்ளேயே சுருளைப் பதிக்க வேண்டும். மெஷின் விலையும் கரண்ட் பில்லும் தனி. எல்லாப் பக்கெட்டுக்கும் குடத்துக்கும் இது தேவையில்லை. கோடு தெரியக்கூடாத, பெயின்ட் அடிக்கக்கூடாத பொருளுக்குத்தான் கட்டுப்படியாகும்.

ரிட்டயர் ஆவதற்குச் சில வருஷம் முன்பு, வெளிநாட்டில் ஒரு தொழிற்சாலையில் இதை நேரில் பார்த்தேன். சுருள் உள்ளே போனது, மூச்சு இரண்டு விடுவதற்குள் வெளியே வந்தது. பீஸ் விழுந்தது. கையில் எடுத்துக் கிரில் ஓட்டைகளைத் தடவினேன். கோடு இல்லை. கூட வந்தவர்கள் சைக்கிள் டைம் என்ன, விலை என்ன என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். எனக்கு அந்த நைட் ஷிப்டும், ஸ்கிராப் கூடையில் விழுந்த இரண்டு பீஸ்களும்தான் கண்ணில் நின்றன.

ஆண்டர்சன்

ஃபாரடேயின் பிற்கால வாழ்க்கையை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். மின்பகுப்பு விதிகள் 1830-களில். 1839 வாக்கில் உழைப்பு தாங்காமல் உடைந்துபோனார். ஞாபக மறதி வாட்டியது. சில வருஷம் கழித்து எழுந்து, 1845-ல் காந்தம் ஒளியைத் திருப்புவதைக் கண்டார். அதற்கு உதவியது, முன்பு வீண் வேலை என்று நினைத்த அந்தக் கண்ணாடிதான். கணக்கு அவருக்கு வராது. (அரியர் வைத்த நமக்கெல்லாம் ஆறுதல்.) காந்தத்தைச் சுற்றிக் கோடுகள் இருப்பதாக மனதில் படம் போட்டே யோசித்தார். அந்தப் படத்தை மேக்ஸ்வெல் 1860-களில் கணிதமாக்கினார். தன் பரிசோதனைக் குறிப்புகளுக்கு வரிசை எண் போட்டு வந்தார், அது பதினாறாயிரத்தைத் தாண்டியது. குழந்தைகளுக்காகக் கிறிஸ்துமஸ் சொற்பொழிவுகள் நடத்தினார். ஒரு மெழுகுவர்த்தியை வைத்தே வேதியியல் முழுக்கச் சொன்னார். சர் பட்டம் வேண்டாம் என்றார். ராயல் சொசைட்டித் தலைவர் பதவியும் வேண்டாம் என்றார். மகாராணி கொடுத்த ஹாம்ப்டன் கோர்ட் வீட்டில் 1867 ஆகஸ்ட் 25 அன்று காலமானார். ஹைகேட்டில் அடக்கம்.

எனக்கு அவர் வாழ்க்கையில் மிகவும் பிடித்த ஆள் ஆண்டர்சன். ராணுவத்தில் சார்ஜன்டாக இருந்து ஓய்வு பெற்றவர். கண்ணாடி உலையைப் பார்த்துக்கொள்ள 1820-களின் கடைசியில் ஃபாரடேயிடம் உதவியாளராக வந்தார். ஒரு கதை சொல்வார்கள். ஒரு சாயங்காலம் ஆண்டர்சனை வீட்டுக்குப் போகச் சொல்ல ஃபாரடே மறந்துவிட்டாராம். காலையில் வந்து பார்த்தால், மனிதர் இரவெல்லாம் உலைக்குக் கரி போட்டுக்கொண்டு நின்றிருந்தாராம். ஏறத்தாழ நாற்பது வருஷம் கூடவே இருந்தார். ஃபாரடே தன் ஆராய்ச்சிக் கட்டுரையில் அடிக்குறிப்பு போட்டு, இந்த மனிதரின் பெயரைச் சொல்லி, இவருடைய கவனத்துக்கும் விசுவாசத்துக்கும் தான் கடன்பட்டிருப்பதாக அச்சிலேயே எழுதினார். உலையில் கரி போட்டவர் பெயர் ராயல் சொசைட்டியின் பக்கத்தில் ஏறியது. சொந்த வாழ்க்கையில் வேலைக்காரர்களோடு உட்காரவைக்கப்பட்டவர் செய்த காரியம் அது.

அம்பத்தூரில் பம்பு நின்ற ராத்திரிக்கு நானும் ரிப்போர்ட் எழுதினேன். பம்பு நின்ற நேரம், ஓடின நேரம், ரிஜக்‌ஷன் எத்தனை என்று எல்லாம் எழுதினேன். கோடு இல்லாமல் வந்த பீஸைப் பற்றி ஒரு வரி எழுதவில்லை. அவனைப் பற்றி எழுதும் நினைப்பே வரவில்லை. மாசக் கணக்கில் என் ஷிப்டில் வேலை செய்தவன். அவனை டேய் என்றுதான் கூப்பிட்டேன், பெயர் இன்றைக்கும் ஞாபகம் வரவில்லை. தீபாவளிக்கு ஊருக்குப் போனவன் திரும்பி வரவில்லை. அன்றைக்கு அவனை உட்காரவைத்துக் கேட்டிருந்தால் இண்டக்‌ஷன் சுருளைக் கண்டுபிடித்திருப்போம் என்று கதை விடமாட்டேன். ஆனால் மோல்டு முகத்துக்கு மட்டும் சூடு போதுமா என்ற கேள்வி எனக்கு இருபத்தைந்து வயதுக்குள் வந்திருக்கும். அதற்கு வேண்டிய ஃபிசிக்ஸ் எனக்குக் கல்லூரியில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். கேள்வி அவனிடம் இருந்தது, ஃபிசிக்ஸ் என்னிடம் இருந்தது. நடுவில் நான் சிரித்தேன்.

டேவியிடமும் ஆயிரம் குறை உண்டு. ஆனாலும் பைண்டிங் கடையிலிருந்து வந்த புத்தகத்தை அவர் ஓரமாகத் தூக்கிப்போடாமல் பிரித்துப் பார்த்தார். அந்த ஒன்றுக்காக எனக்கு அவர்மேல் பொறாமை உண்டு.

நம் பிரிவில் இன்னும் தொழிற்சாலை நடத்துகிறவர்கள், மெஷின் ஷாப்பில் ஷிப்டு பார்க்கிறவர்கள், பிள்ளைகளை அந்த வேலைக்கு அனுப்பியிருப்பவர்கள் சிலர் இருக்கிறீர்கள். ரன்னர் வெட்டும் பையன் கையில் ஒரு வளைந்த பீஸோடு வந்தால், முதலில் அதை வாங்கி வெளிச்சத்தில் பாருங்கள். ரிப்போர்ட்டில் அவன் பெயரையும் எழுதுங்கள்.

மற்றவை நேரில். மத்தியானச் சாப்பாட்டு வரிசையில் மெஸ் சாம்பாரைப் பற்றியும் பேசலாம்.

வாழ்க நம் கல்லூரி! வளர்க நம் நட்பு!

— பழைய மாணவர் ஒருவர்,
இயந்திரவியல் பிரிவு, 1983